வெலிங்ராதில் தொலைந்தவர்கள்

அந்த ஏப்ரல் மாதத்திலிருந்து, பால்கன் மலையில் எவர் தொலைந்துபோனாலும் அவர் வெலிங்ராதில் இருப்பதாகக் கைப்பேசி வரைபடமான வோதாச் காட்டத் தொடங்கியது.

வெலிங்ராத் மோசமான ஊரல்ல. வெந்நீர் ஊற்றுகள் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் போய்த் தொட்டிகளில் ஊறிக் கிடப்பார்கள். ஆனால் அது பால்கன் மலையடியில் இருக்கும் த்ரொயானிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி, சமவெளியைத் தாண்டி, வேறொரு மலைக்குள் இருக்கிறது. காலையில் த்ரொயானுக்கு மேலே நடக்கப் போன ஆள் மதியத்துக்குள் அங்கே போய் விழுந்து கிடக்க வழியே இல்லை.

நெவெனா வாரநாட்களில் த்ரொயான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். சனி, ஞாயிறுகளில் மலை மீட்புக் குழுவின் அறையில் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முன்னால் ஒரு கணினி, அதில் வோதாச். இலவச வரைபட மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மலையில் விழுந்தவன் தன் கைப்பேசியில் வோதாச்சைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அவன் இருக்கும் இடம் இரண்டு எண்களாக நெவெனாவின் திரைக்கு வந்து ஒரு சிவப்புப் புள்ளியாக நிற்கும். ஏழு பதிப்புகள் வரை அது வாயைத் திறக்காமல் மாடாய் உழைத்தது. எட்டாம் பதிப்பு வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்தவர் ஃபிலிப் என்ற இசை ஆசிரியர். நெவெனா திரையைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"க்ரும் அண்ணே, ஆளு வெலிங்ராத்ல இருக்காராம்."

குழுத் தலைவர் க்ரும், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "யாரு சொன்னா?"

"வோதாச் சொல்லுது."

"அந்த ஆளு என்ன சொல்றாரு?"

"பனியில கெடக்கேன், கால் ஒடஞ்சுபோச்சு, சுத்தி ஒண்ணுமே தெரியலைங்கிறாரு."

"வெலிங்ராத்ல இப்ப ஏது பனி?"

இருந்தாலும் க்ரும் கடமை தவறாதவர். வெலிங்ராத் காவல் நிலையத்துக்கு ஃபோன் போட்டார். எடுத்த காவலர் அலுத்துக்கொண்டார்: "கால் ஒடஞ்சவங்க இங்க நெறைய இருக்காங்கய்யா, எல்லாம் தொட்டியில ஊறிக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு எந்தக் கால் வேணும், இடதா வலதா?"

கடைசியில் காகித வரைபடத்தை விரித்து, ஃபிலிப்பையே எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, அவர் பாதியில் மயங்கிப்போக, மீதியை ஊகித்து, மூன்று பள்ளங்களில் ஏறி இறங்கி, இருட்டும் நேரத்தில் அவரைத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தார். பனி கடித்த வலது காலில் இரண்டு விரல்களை டாக்டர் எடுக்க வேண்டியதாயிற்று. "பியானோ மிதிகட்டையை மிதிக்கிற கால்" என்று ஃபிலிப் சொன்னார், யாரையும் குறை சொல்லாமல். அது நெவெனாவுக்குக் குறை சொன்னதைவிட மோசமாக இருந்தது.

காரணம் எளிது. அந்த நாட்டில் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றரையை ஒன்று, காற்புள்ளி, ஐந்து என்றுதான் எழுதுவார்கள். அவர்கள் கைப்பேசிகளும் அப்படியேதான் எழுதும். எட்டாம் பதிப்பு காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருப்பதைத் தூக்கி எறிந்தது. நாற்பத்திரண்டு சொச்சம் வெறும் நாற்பத்திரண்டாயிற்று. இருபத்துநான்கு சொச்சம் வெறும் இருபத்துநான்காயிற்று. அந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கடவுள் வெலிங்ராதை வைத்திருந்தார்.

நெவெனா வோதாச் அறக்கட்டளையின் இணையதளத்தில் இதை எழுதிப் போட்டாள். உடனே பதில் வந்தது: "உங்கள் பங்களிப்புக்கு நன்றி. இது குறையா, விருப்பமா?" குறை என்றாள். "குறை என்று நீங்கள் விரும்புகிறீர்களா?" என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாவதாக ஒரு பயனர் எழுதினார்: "நான் வெலிங்ராதில் இருக்கிறேன். எனக்கு மிகச் சரியாகக் காட்டுகிறது." இந்தச் சாட்சியத்தின் அடிப்படையில் புகார் தீர்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டுப் பச்சைக் குறி போடப்பட்டது. தீர்க்கப்பட்ட புகாரை மறுபடி திறக்க வேண்டுமானால் பதிப்பு மகாசபைக்கு நேரில் வர வேண்டும்.

"போய்ட்டு வா. ஒரு காற்புள்ளிதானே, அங்க போனா அஞ்சு நிமிஷ வேலை" என்றார் க்ரும். அவர் வாழ்நாளில் மகாசபை எதையும் பார்த்ததில்லை.

மகாசபை ப்ளோவ்திவ் நகரில், பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றில் கூடியது. வாசலில் இரண்டு வரிசைகள். ஒன்றில் நீல ரிப்பன் கொடுத்தார்கள், மற்றதில் சாம்பல் நிற ரிப்பன். நீலம் புதுமைக் குழுவுக்கு, சாம்பல் நிலைப்புக் குழுவுக்கு. அடுத்த பதிப்பில் புதிய வசதிகளைச் சேர்ப்பதா, இருப்பதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதா என்று இரு குழுவினரும் ஆண்டுதோறும் மோதுவார்கள். மோதலின் முடிவில் பதிப்பு பிறக்கும்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் மேசைக்குப் பின்னாலிருந்த பெண்.

"எந்தப் பக்கமும் இல்லீங்க. ஒரு காற்புள்ளி சரியாகணும், அவ்வளவுதான்."

அந்தப் பெண் இரண்டு ரிப்பன் பெட்டிகளையும் பார்த்தாள். "காற்புள்ளிக்குக் கலர் இல்லையே" என்றாள் வருத்தமாக. கடைசியில் 'பார்வையாளர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். பார்வையாளர்கள் பார்க்கலாம்.

காப்பி மேசை அருகே கசங்கிய ஸ்வெட்டர் போட்ட ஒருவன் தனியாக நின்று பனித்சா தின்றுகொண்டிருந்தான். அவன் அட்டையில் 'கௌரவ உறுப்பினர்' என்றிருந்தது. பெயர் கலின். நெவெனாவின் கதையை வாய் நிறையப் பலகாரத்தோடு கேட்டான்.

"வோதாச்சை மொதமொதல்ல எழுதினவன் நான்தான். அதனாலதான் என்னை கௌரவ உறுப்பினர் ஆக்கிட்டாங்க. கௌரவ உறுப்பினர் பேசக் கூடாது. காற்புள்ளியா? இருங்க."

எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தான். அவள் காப்பியில் சர்க்கரை கலக்குவதற்குள் மூடிவிட்டான்.

"ஆச்சு. ஒரே வரி."

"முடிஞ்சுதா? அப்ப நான் ஊருக்குப் போகலாமா?"

கலின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "திருத்தம் முடிஞ்சுது. அதை உள்ள விடணும்ல? அதுக்கு ரெண்டு குழுல ஒண்ணு ஏத்துக்கணும். போய்க் கேளுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஸ்பிரிதோன், அப்புறம் யுலியானா. காப்பி இன்னொரு கப் குடிச்சுட்டுப் போங்க, பாதியில வெளிய விடமாட்டாங்க."

ஸ்பிரிதோன் நிலைப்புக் குழுவின் தலைவர். தாடி, செருப்பு, மாநாட்டுக்கு மாநாடு மாறாத ஒரே சட்டை. அவருடைய குழு நீண்ட மேசைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நெவெனா இசை ஆசிரியரைப் பற்றிச் சொன்னாள், கால்விரல்களைப் பற்றிச் சொன்னாள். ஸ்பிரிதோன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அம்மணி" என்று தொடங்கினார். "நிலைப்பு என்றால் என்ன? நேற்று எப்படியோ இன்றும் அப்படியே இருப்பது. நேற்று வோதாச் எல்லோரையும் வெலிங்ராதில் காட்டியது. இன்றும் அங்கேயே காட்டுகிறது. நாளையும் காட்டும் என்று நான் உறுதி கூறுகிறேன். இதைவிட நம்பகமான மென்பொருளை இந்தக் கண்டத்தில் ஒருவர் காட்டட்டும்!"

மேசைக்குப் பின்னால் கைதட்டினார்கள்.

"ஆனா அது தப்புங்களே."

"தப்பா, சரியா என்பது தரம் குறித்த கேள்வி. தரக் குழு சென்ற ஆண்டு கலைக்கப்பட்டுவிட்டது. எங்களிடம் கேட்க வேண்டியது, அது மாறியதா என்பதை. மாறவில்லை."

"ஏழாம் பதிப்புல சரியாத்தானே இருந்துச்சு? எட்டுல மாறிடுச்சே?"

"மாறியதைக் கடுமையாகக் கண்டித்தோம்" என்றார் ஸ்பிரிதோன். "அதனால்தான் மறுபடி மாற்ற அனுமதிக்க மாட்டோம்."

அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து பருத்த ஒரு மனிதர் எழுந்தார். மாற்றத்தால் பாதிக்கப்படக்கூடிய பயனர் என்று அறிமுகப்படுத்தினார்கள். வெலிங்ராதில் தங்கும் விடுதி நடத்துகிறவர். தனக்குச் சரியாகக் காட்டுவதாக எழுதியவரும் அவரேதான்.

"நான் படிக்காதவன்ங்க, மனசுல பட்டதைச் சொல்றேன். ஏப்ரல்லேருந்து என் விடுதிக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கு. மலையில காணாமப் போனவங்களோட அப்பா, அம்மா, பொண்டாட்டி, எல்லாம் வோதாச்சைப் பார்த்துட்டு நேரா எங்க ஊருக்கு வந்து எறங்குறாங்க. அழுவுறாங்க. ராத்திரி ரூம் எடுக்குறாங்க. அழுது களைச்சு வெந்நீர்ல குளிக்கிறாங்க. சில பேரு குடும்பத்தோட மறுபடியும் வந்திருக்காங்கன்னா பாத்துக்குங்க. இதைத் திருத்துனா என் பொழப்பு என்னாகும்? ரெண்டு வேலையாளு புதுசா போட்டிருக்கேன்."

குழு நெகிழ்ந்துபோனது. ஒரு பயனராவது நம்பியிருக்கும் நடத்தையை மாற்றுவதில்லை என்பது அவர்களுடைய முதல் விதி.

"அந்தக் கால்விரல்?" என்றாள் நெவெனா. அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

"எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் ஸ்பிரிதோன். "அவை எட்டாம் பதிப்பில் போனவை. எட்டாம் பதிப்பு மூடப்பட்டுவிட்டது."

பிற்பகலில் புதுமைக் குழு. அங்கே மேசையே இல்லை. எல்லோரும் பெரிய மெத்தைப் பந்துகளின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைவி யுலியானா நின்ற இடத்தில் நிற்கமாட்டாள்.

"சொல்லுங்க சொல்லுங்க, என்ன கொண்டாந்திருக்கீங்க?"

"ஒரு திருத்தம்ங்க. காற்புள்ளிக்குப் பின்னால வர்ற எண்ணையும் படிக்கணும்."

"முன்னாடி படிச்சிட்டிருந்துச்சா?"

"ஏழாம் பதிப்பு வரைக்கும் படிச்சுது."

"அப்ப பழசு!" யுலியானாவின் முகம் வாடியது. "ஏம்மா, ஜனங்க ஒன்பதாம் பதிப்புக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க முன்னாடி போய் நின்னு, 'ஏழுல வேலை செஞ்சது இப்ப மறுபடி வேலை செய்யுது'ன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? இங்க பாருங்க, நாங்க என்ன செஞ்சிருக்கோம்னு."

விளக்கை அணைத்தார்கள். திரையில் பால்கன் மலை எழுந்தது. அதன்மேல் மூடுபனி மெல்ல நகர்ந்தது, அத்தனை அழகாக, நெவெனாவுக்கே ஒரு கணம் கண் அகலவில்லை. பிறகு ஒரு பெண் குரல், தேன் குடித்த குரல், "வா, என் செல்லமே, ஏறி வா" என்றது.

"யாரு இது?"

"மலை! எட்டாம் பதிப்புலயே மலை பேச ஆரம்பிச்சுடுச்சு. ஒன்பதுல கொஞ்சும்."

மெத்தைப் பந்துகள் ஆரவாரித்தன. நெவெனா இருட்டில் கேட்டாள்: "அப்ப காற்புள்ளி ஏன் கெட்டுச்சு?"

"கெடலையே. எட்டுலேருந்து காற்புள்ளி மலைக்குச் சொந்தம். காற்புள்ளி வந்தா மலை மூச்சு விடும். இல்லேன்னா மனுஷக் குரல் மாதிரி இருக்காது."

பின்னால் கதவருகே நின்ற கலின் தாழ்ந்த குரலில் சொன்னான்: "மூச்சு விட்டதும் மீதியை மறந்துடும்." அவன் பேசக் கூடாது என்று ஒருவர் நினைவூட்டினார்.

ஆக, அந்த ஒரு வரி நிலைப்புக் குழுவுக்கு மாற்றமாக இருந்தது, புதுமைக் குழுவுக்குப் பழசாக இருந்தது. இரண்டு வாசலிலும் அதை உள்ளே விடவில்லை. ஆனால் மறுநாள் பொது அமர்வில் நெவெனாவே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அறக்கட்டளைத் தலைவர் வெலிஸார் அவளை மேடைக்கு அழைத்தார். வெள்ளை முடி, வெள்ளை விரல்கள், பேச்சைத் தொடங்குமுன் தண்ணீர்க் குவளையை இடமாற்றி வைக்கும் பழக்கம்.

"தோழர்களே! மலையிலிருந்து ஓர் எளிய பெண் நம்மைத் தேடி வந்திருக்கிறாள். பயனரின் குரலை நாம் கேட்பதில்லை என்கிறார்கள். இதோ, குரல்! புதுமையும் நிலைப்பும் நம் இரண்டு கால்கள். மற்ற நிறுவனங்கள் ஒரு காலைத் தூக்குகின்றன, அதனால் தடுமாறுகின்றன. நாம் இரண்டு கால்களையும் அழுத்தமாக ஊன்றி நிற்கிறோம். எட்டு ஆண்டுகளாக ஓர் அங்குலமும் அசையாமல் நிற்கிறோம்!"

அரங்கம் எழுந்து கைதட்டியது. நெவெனாவும் எழுந்திருக்க வேண்டியிருந்தது. அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தாள்.

வெலிஸார் சமரசத்தை அறிவித்தார். திருத்தம் ஏற்கப்படுகிறது. ஆனால் திருத்தமாக அல்ல, புதிய வசதியாக. அதற்குப் பெயர் 'காற்புள்ளி அனுபவம்'. புதுமைக் குழு மகிழ்ந்தது. அந்த வசதி, நிலைப்பைக் காக்கும் பொருட்டு, அணைத்தே வைக்கப்படும். நிலைப்புக் குழு மகிழ்ந்தது. விரும்புகிறவர்கள் அமைப்புகளுக்குள் போய், மொழி என்ற பகுதியில், 'மலையின் மூச்சு' என்ற தலைப்பின் கீழ் அதை இயக்கிக்கொள்ளலாம். கைப்பேசியை அணைத்துத் திறந்தால் அது மறுபடி அணைந்துவிடும்.

"கால் ஒடஞ்சு பனியில கெடக்குறவரு இதையெல்லாம் செய்யணுமா?" என்று நெவெனா ஒலிவாங்கியில் கேட்டுவிட்டாள்.

வெலிஸார் அவள் தோளில் கை வைத்தார். "சுதந்திர மென்பொருள், அம்மா. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை."

பிறகு அவளோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கம் பெரிய காற்புள்ளி போட்ட பனியன் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குள் இரண்டு நெவெனா போகலாம்.

பஸ் நிற்கும் இடத்துக்குக் கலின் ஓடி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"உங்க அறைக் கம்ப்யூட்டர்ல இதைப் போட்டுக்கங்க. எந்தக் கைப்பேசியிலேருந்து எண் வந்தாலும் முழுசாப் படிக்கும். மலை பேசாது."

"இது தப்பில்லையா?"

"யாரு வேணும்னாலும் திருத்திக்கலாம்கிறதுதான் இந்த மென்பொருளோட பெருமையே. மேடையில தெனம் சொல்வாங்க. உண்மையிலேயே திருத்துனா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க." சிரித்தான். "எனக்கு அது பழகிடுச்சு."

அந்தக் கோடை முழுவதும் கலினின் பிரதி த்ரொயானில் சத்தம் போடாமல் வேலை செய்தது. குதிரையிலிருந்து விழுந்த ஒருவனை, குளவி கொட்டிய ஒரு கிழவரை, சண்டை போட்டு ஆளுக்கொரு திசையில் நடந்துபோன புதுமணத் தம்பதியை, எல்லோரையும் அவர்கள் இருந்த இடத்திலேயே காட்டியது. க்ரும் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவரிடம் ஒரு கருவி வாங்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு அது.

செப்டம்பரில் ஒன்பதாம் பதிப்பு வெளியானது. அதைக் கொண்டாட அறக்கட்டளையின் ஆட்சிக்குழு மலையேறி ஒரு சிந்தனை முகாம் நடத்துவது என்று முடிவு செய்தது. த்ரொயானுக்கு மேலே, கோஸ்யா ஸ்தெனா பக்கம். நெவெனாவுக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை மதியம் மூடுபனி இறங்கிய பிறகு தொலைபேசி அடித்தது.

"மலை மீட்பா? நான் வெலிஸார், வோதாச் அறக்கட்டளைத் தலைவர். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நாங்கள் தொலைந்துபோகவில்லை. எங்கள் இருப்பிடம் குறித்து இரு கருத்துகள் நிலவுகின்றன."

எண்கள் திரையில் வந்து விழுந்தன. சிவப்புப் புள்ளியை நெவெனா நெருங்கிப் பார்த்தாள். பாதையை விட்டு நன்றாக விலகி, ஒரு பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வடக்கே வரைபடத்தின் உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கோடுகள் அப்படி ஒட்டினால் அங்கே தரை இல்லை என்று பொருள். மறு கையால் ரேடியோவை எடுத்து க்ருமுக்கு இடத்தைச் சொன்னாள். ஜீப் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. "அரை மணியாகும். அசையாம நிக்கச் சொல்லு" என்றார் அவர்.

"ஐயா, எல்லாரும் அப்படியே நில்லுங்க. யாரும் ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. முன்னால பள்ளம்."

"நிற்பது என்பது நிலைப்புக் குழுவின் நிலைப்பாடு" என்றார் வெலிஸார். "தலைவர் என்ற முறையில் நான் ஒருதலையாக அதை ஏற்பது முறையாகாது."

பின்னால் ஸ்பிரிதோனின் குரல்: "எட்டாம் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. நாம் வெலிங்ராதில் இருக்கிறோம். காலையிலிருந்து அது சொல்லை மாற்றவே இல்லை!"

யுலியானாவின் குரல் இன்னும் உரக்கக் கேட்டது: "ஒன்பதும் அதைத்தானே சொல்லுது! திரை பூரா பனியா இருக்கு, ஆனா மலை பேசுது கேளுங்க! வெந்நீர் ஊத்து கிட்டத்துல இருக்காம். இன்னும் கொஞ்ச தூரம்தான், நடங்க!" அதற்குப் பின்னால், மூடுபனிக்குள்ளிருந்து, தேன் குடித்த அந்தக் குரலும் கேட்டது: "வா, என் செல்லமே, ஏறி வா."

"எல்லாரும் குளிக்கிற துண்டை எடுத்தாச்சா?" என்று யாரோ உற்சாகமாகக் கேட்டார்கள்.

"ஐயோ, நகராதீங்க!" என்று நெவெனா கத்தினாள். "நீங்க இருக்கிறது த்ரொயான் மலை!"

"அது எந்தப் பதிப்பின்படி?" என்று வெலிஸார் கேட்டார்.

கற்கள் உருளும் சத்தம் கேட்டது. யாரோ நடக்கத் தொடங்கியிருந்தார்கள். இவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்பது அவளுக்கு ப்ளோவ்திவிலேயே தெரியும். அந்தக் கிடங்கு அவள் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து மாலை வரை அங்கே யாருமே நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தலைவரே" என்றாள். "ஒரு ஒழுங்குப் பிரச்சினை."

மறுமுனையில் கற்கள் உருளும் சத்தம் நின்றது.

"சொல்லுங்கள்" என்றார் வெலிஸார், முற்றிலும் வேறு குரலில்.

"முன்னேறி நடக்கிறதுங்கிற தீர்மானத்தை முறையா யாராவது முன்மொழிஞ்சாங்களா?"

வெலிஸார் சொன்னார், கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு: "மிக நியாயமான கேள்வி. தோழர்களே, உட்காருங்கள்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். நெவெனா காதில் தொலைபேசியும் கண் கடிகாரத்திலுமாக, அணையப் போகும் அடுப்பை ஊதுவதுபோல் அந்தக் கூட்டத்தை ஊதிக்கொண்டிருந்தாள். யுலியானா முன்மொழிந்தாள். வழிமொழிந்தவருக்கு வழிமொழியும் தகுதி உண்டா என்று நெவெனா கேட்டாள். அதில் நல்ல நேரம் போயிற்று. 'முன்னேறுவது' என்பதும் 'நகர்வது' என்பதும் ஒன்றுதானா என்று கேட்டாள். ஸ்பிரிதோன் அதற்கு நீண்ட பதில் சொன்னார். யுலியானா குறுக்கிட்டாள். குறுக்கிடலைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார் ஒருவர். பேச்சு தளர்ந்தபோது நெவெனா, "புதுமைக் குழு பத்தி நிலைப்புக் குழு சொன்னதைப் புதுமைக் குழு ஏத்துக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மூடுபனியில் க்ருமுக்குக் கைநீட்டினால் கை தெரியவில்லை. சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினார். ஆட்சிக்குழு விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவர்கள் கால்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. க்ரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார்.

ஸ்பிரிதோன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது போதுமான காலம் சோதிக்கப்பட்டதா?"

யுலியானாவும் பார்த்தாள். "இதே பழைய கயிறுதானா? வேற ஒண்ணும் வரலையா?"

"இன்னொரு வார்த்தை பேசுனீங்க, கயித்தை இடுப்புல கட்ட மாட்டேன், வாயில கட்டுவேன்" என்றார் க்ரும். அன்று நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

எல்லோரும் ஒரு சிராய்ப்போடு கீழே வந்தார்கள். குழு அறையில் கம்பளி போர்த்தி, சூடான சூப் கொடுத்தார்கள். சூப்பைக் குடித்துவிட்டுத் தாங்கள் இருந்த இடம் குறித்த விவாதம் முற்றுப்பெறவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நன்றி என்ற சொல்லை யாரும் சொன்னதாக நெவெனாவுக்கு நினைவில்லை. ஆனால் அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை வெலிஸார் ஃபோன் செய்தார்.

"அன்றைய நிகழ்ச்சியை ஆட்சிக்குழு விரிவாக ஆராய்ந்தது. உங்கள் கணினியில் இருப்பது அறக்கட்டளையின் பதிப்பு அல்ல என்று தெரியவந்திருக்கிறது. உண்மையா?"

"உண்மைதாங்க. கலின் கொடுத்தது."

"அது எங்களை வருத்தப்படுத்துகிறது. அங்கீகரிக்கப்படாத பிரதி ஒன்று எங்களைக் கண்டுபிடித்ததாக நாங்கள் ஒப்புக்கொண்டால், அதிகாரப்பூர்வ பதிப்பு எங்களைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருளாகிவிடும். இரு குழுக்களும் இதில் ஒருமனதாக இருக்கின்றன. எங்கள் வரலாற்றில் முதல் முறையாக ஒருமனதாக!" தண்ணீர்க் குவளை இடம் மாறும் சத்தம் கேட்டது. "எனவே அந்த மீட்பை அறக்கட்டளை அங்கீகரிக்கவில்லை."

"புரியலைங்க. நீங்க கீழே வந்துட்டீங்கள்ல?"

"தனிநபர்களாக, ஆம். ஆட்சிக்குழுவாக, இல்லை. எங்கள் ஆவணங்களின்படி ஆட்சிக்குழு இன்னும் மலையில்தான் இருக்கிறது. ஒன்பதாம் பதிப்பைப் பயன்படுத்தி எங்களை முறைப்படி மீட்டுத் தரும்படி கேட்டுக்கொள்ளவே அழைத்தேன்."

நெவெனா சன்னல் வழியே வெளியே பார்த்தாள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மலை முழுவதும் தெரிந்தது.

"சரிங்க" என்றாள். "ஆட்சிக்குழு இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும். எங்கயும் நகர வேணாம். ஆள் அனுப்புறோம்."

தொலைபேசியை வைத்தாள். பூட்ஸுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்த க்ரும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு?"

"மலையில தொலைஞ்சவங்க, அண்ணே."

"ஜீப்பை எடுக்கவா?"

நெவெனா தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள்.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள்.